உயிரியல் பாடமும் ஓதிக் காட்டும் பழக்கமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய தலைவர் அவர்களே, முத்தவல்லி அவர்களே, இமாம் ஹழ்ரத் அவர்களே, ஜமாஅத்தின் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, திரைக்கு அப்பால் அமர்ந்து செவிமடுக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

பள்ளி, கல்லூரித் தேர்வுகளுக்காக உயிரியல் வினாக்களைப் பயிற்சி செய்வது குறித்துப் பேசுமாறு நிர்வாகிகள் எங்களைப் பணித்துள்ளனர். பள்ளிவாசல் வளாகத்தில் பரீட்சைக் கேள்விகளைப் பற்றிப் பேசலாமா என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. ஹிரா குகையில் அருளப்பட்ட முதல் வசனங்கள் ஓதுதலையும், எழுதுகோலையும், தாயின் கருவறையில் மனிதன் உருவாகும் தொடக்க நிலையையும் ஒருங்கே நினைவூட்டுகின்றன என்பதை ஆலிம்கள் நமக்குப் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். அந்தக் கருவறையைப் பற்றியும், அதில் வளரும் உயிரைப் பற்றியும் பேசுகின்ற பாடமே உயிரியல். ஆகவே இது நமக்கு அந்நியமான பொருள் அன்று.

முதலில் எங்கள் குறையை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம். ஒவ்வோர் ஆண்டும் இதே மேடையில், பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற மாணவ மாணவியர்க்குப் பரிசளிக்கிறோம்; அவர்தம் பெயர்களை ஆண்டறிக்கையில் அச்சிடுகிறோம். பட்டியலில் இடம்பெறாதவர்கள் என்ன ஆனார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் தவறிய ஒரு மாணவியின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். புத்தகத்தின் ஓரங்கள் தேய்ந்திருந்தன. வரிக்கு வரி கோடிட்டிருந்தார். நான்கு முறை முழுமையாகப் படித்ததாகக் கூறினார். அதில் பொய்யில்லை. இரத்த ஓட்டப் பாடத்தை முதல் வரியிலிருந்து தொடங்கினால் தடையின்றிச் சொன்னார். ஆனால் பாடத்தின் நடுவிலிருந்து ஒரு கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டபோது திகைத்து நின்றார். "எனக்குப் படிப்பு வராது" என்று அழுதார். வீட்டில் படிப்பை நிறுத்திவிடும் பேச்சும் எழுந்திருந்தது.

அந்தப் பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்பது உண்மையன்று. "நன்றாகப் படி" என்று நாம் அனைவரும் அவருக்குச் சொன்னோம்; எவ்வாறு படிப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. இதுதான் உண்மை.

அன்பிற்குரியவர்களே! எவ்வாறு படிப்பது என்பதற்கான விடை நம் வளாகத்திலேயே, நமது ஹிஃப்ழு மதரஸாவிலேயே இருக்கிறது. அங்கு ஒரு மாணவர் முஸ்ஹஃபைப் பார்த்துப் பலமுறை ஓதுகிறார். அத்துடன் உஸ்தாது அவரை விட்டுவிடுவதில்லை. முஸ்ஹஃபை மூடிவிட்டு, முன்னால் அமர்ந்து, பாராமல் ஓதிக் காட்ட வேண்டும். தடுமாறும் இடத்தில் உஸ்தாது திருத்துகிறார்; அவ்விடம் அடையாளமிடப்படுகிறது; மறுநாள் அதே இடத்தை மீண்டும் கேட்கிறார். புதிய பாடம் ஒன்று, அண்மையில் முடித்த பாடம் ஒன்று, பழைய ஜுஸ்உகளிலிருந்து ஒரு பகுதி என்று அன்றாடம் மூன்றும் நடைபெறுகின்றன. நடுவில் ஓர் ஆயத்தைச் சொல்லி, அதன் தொடர்ச்சியை ஓதச் சொல்வதும் உண்டு. பன்னூறு ஆண்டுகளாக ஹாஃபிழ்களை உருவாக்கிய முறை இது.

நம் பிள்ளைகளோ காலையில் இம்முறையில் குர்ஆனை மனனம் செய்துவிட்டு, மாலையில் உயிரியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே வாசிக்கிறார்கள். புத்தகம் திறந்திருக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே தோன்றும். கண்ணுக்குப் பழகிய வரியை மனத்தில் பதிந்த வரி என்று நம்பிவிடுகிறோம். தேர்வு மண்டபத்தில் புத்தகம் மூடியிருக்கிறது. அங்குதான் உண்மை வெளிப்படுகிறது.

இதனை இக்கால ஆய்வும் உறுதி செய்கிறது. 2006ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் (செயின்ட் லூயிஸ்) சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்னும் உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர்களுக்கு அறிவியல் பகுதிகளைப் படிக்கக் கொடுத்தனர். ஒரு முறையில், படித்ததையே மீண்டும் படித்தனர். மற்றொரு முறையில், ஒருமுறை படித்தபின் பகுதியைப் பாராமல் நினைவிலிருந்ததை எழுதினர். 5 நிமிடங்கள் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்ததே சற்று முன்னணியில் நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழானது. மீண்டும் படித்த பகுதியில் ஏறத்தாழ 42 விழுக்காடும், பாராமல் எழுதிய பகுதியில் ஏறத்தாழ 56 விழுக்காடும் நினைவில் இருந்தன. தேர்வு நமக்கு 5 நிமிடங்களில் வருவதில்லை. மாதங்கள் கழித்தே வருகிறது.

ஆயினும், ஹிஃப்ழுக்கும் உயிரியலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குர்ஆனில் ஓர் எழுத்தும் மாறலாகாது. உயிரியல் தேர்விலோ, கேள்வி எப்போதும் உருமாறியே வரும். எனவே இங்கு மனனத்துடன் விளக்கமும் வேண்டும். சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

"ஆக்ஸிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனி எது?" என்பது ஒரு கேள்வி. தமனி என்றாலே ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தம் என்று மனனம் செய்த மாணவர், கேள்வியே தவறு என்று எண்ணுவார். தமனி என்பது இதயத்திலிருந்து வெளியே செல்லும் குழாய். சிரை என்பது இதயத்திற்குத் திரும்பி வரும் குழாய். இவ்வளவே இலக்கணம். வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் நுரையீரல் தமனியே இதற்கு விடை.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நம் மாணவர்கள் பெருமையுடன் அறிந்துகொள்ள வேண்டும். வலப்பக்க இரத்தம் இதயத்தின் இடைச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத துளைகள் வழியே இடப்பக்கம் செல்கிறது என்பது கிரேக்க மருத்துவர் கேலன் காலம் முதல் நிலவிய கருத்து. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, 1288இல் கெய்ரோவில் மறைந்த இப்னு நஃபீஸ் அவர்கள், இப்னு ஸீனா அவர்களின் மருத்துவ நூலிலுள்ள உடற்கூற்றியல் பகுதிக்கு விரிவுரை எழுதும்போது இதனை மறுத்தார். அச்சுவரில் துளை இல்லை; இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்றே இடப்பக்கம் சேர்கிறது என்று எழுதினார். முழு இரத்த ஓட்டத்தையும் விளக்கிய வில்லியம் ஹார்வியின் நூல் வெளிவந்தது 1628இல்தான். தாம் விரிவுரை எழுதிய நூலையே இப்னு நஃபீஸ் அவர்கள் கேள்வி கேட்டுப் படித்தார் என்பதே நாம் பெற வேண்டிய பாடம்.

அடுத்து, மரபியலில் ஒரு கணக்கு. "நிறக்குருட்டு மரபணுவைக் கடத்தும் தாய்க்கும், இயல்பான பார்வையுடைய தந்தைக்கும் பிறக்கும் குழந்தைகளில் நிறக்குருடு ஏற்பட எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டால் விடை 25 விழுக்காடு. "ஆண் குழந்தைகளில் எவ்வளவு?" என்று கேட்டால் விடை 50 விழுக்காடு. "பெண் குழந்தைகளில்?" என்றால் ஒருவருக்கும் இல்லை, ஆயினும் அவர்களுள் பாதிப்பேர் கடத்துபவர்களாக இருக்க வாய்ப்புண்டு. கணக்கு ஒன்றே, கேள்வியில் ஒரு சொல் மாறினால் விடை மாறுகிறது. கட்டம் வரைந்து கணக்கிடத் தெரிந்த பல மாணவர்கள், கேள்வியின் அந்த ஒரு சொல்லைக் கவனியாமல் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

இனி, கூற்று–காரணம் வகை. கூற்று: தாவரங்கள் இரவில் சுவாசிக்கின்றன. காரணம்: ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை. இரண்டும் உண்மை. ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை. ஏனெனில் தாவரங்கள் இரவில் மட்டுமன்றிப் பகலிலும் சுவாசிக்கின்றன. இவ்வகை வினாவில் 'உண்மையா' என்று ஒருமுறையும், 'இதனால்தான் அதுவா' என்று மறுமுறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஹாஃபிழ்கள் முதஷாபிஹ் என்று சொல்வார்கள். ஒன்றுபோல் ஒலிக்கும் ஆயத்துகள். ஓதுபவர் ஓரிடத்தில் தொடங்கி, அறியாமலே வேறோர் இடத்திற்குச் சென்றுவிடுவார். உயிரியலிலும் அத்தகையவை ஏராளம். மைட்டாசிஸ், மியாசிஸ், படியெடுத்தல், மொழிபெயர்த்தல், தமனி, சிரை. இவற்றைத் தனித்தனியே படிப்பதால் மயக்கம் தீராது. இரண்டையும் அருகருகே எழுதி, எங்கு பிரிகின்றன என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்திலிருந்தே கேள்வி எழுப்பிப் பயிற்சி செய்ய வேண்டும்.

தேர்வுகளின் அமைப்பையும் மாணவர்கள் அறிந்திருப்பது நலம். 2019–20 கல்வியாண்டில் அறிமுகமான பாடநூல்களின்படி நடைபெற்று வரும் தமிழக மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் எழுத்துத் தேர்வில், உயிரி–தாவரவியலுக்கு 35, உயிரி–விலங்கியலுக்கு 35 என மொத்தம் 70 மதிப்பெண்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மதிப்பெண், இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள் உள்ளன. ஐந்து மதிப்பெண் விடைக்குப் படமும் பாகங்களின் பெயரும் துணை செய்யும். படத்தைப் பார்த்து வரைவது பயிற்சியாகாது. பாராமல் வரைந்து, பின் ஒப்பிட்டுத் திருத்துவதே பயிற்சி.

2025ஆம் ஆண்டு நடைபெற்ற நீட் தேர்வில் மொத்தம் 180 வினாக்கள். அவற்றுள் 90 உயிரியல் வினாக்கள். அதாவது 720 மதிப்பெண்களில் சரிபாதியான 360 இப்பாடத்திற்கே உரியவை. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு. ஆகவே சரியாக எழுத வேண்டிய இடத்தில் தவறாக எழுதினால் 5 மதிப்பெண் இழப்பு. 180 நிமிடங்களில் இயற்பியல் கணக்குகளுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். எனவே உயிரியல் வினாக்களை 50 நிமிடங்களுக்குள் முடித்துப் பழகுவது நன்று. தமிழில் தேர்வெழுதுவோர் ஒன்றை மறந்துவிடலாகாது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. எனவே கலைச்சொற்களை இரு மொழிகளிலும் அறிந்துவைத்தல் அவசியம்.

மருத்துவம் ஒன்றே உயிரியலின் முடிவு அன்று. தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் எனக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நிலையில் முதல் பருவத் தேர்விலேயே சிலர் சோர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் மருந்து இதுவே. கல்லூரி நூலகத்திலுள்ள பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு பெரிய வினா வீதம், கடிகாரத்தை வைத்துக்கொண்டு, புத்தகம் பாராமல் ஆங்கிலத்தில் எழுதுவது. தொடக்கத்தில் பிழைகள் மிகும். அப்பிழைகளைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. அவற்றைத் தேர்வுக்கு முன்பே கண்டுபிடிக்கத்தான் பயிற்சி செய்கிறோம்.

பயிற்சி என்ற பெயரில் நேரும் சில தவறுகளையும் சுட்டிக்காட்ட விழைகிறோம். 'முக்கிய வினாக்கள்' என்ற சிறு புத்தகத்தை வாங்கி, விடையின் எழுத்தை மட்டும் மனனம் செய்வது பயிற்சியன்று. அடுத்த தேர்வில் விடைகளின் வரிசை மாறிவிடும். ஒரு நாளில் நூறு வினாக்களை முடித்து, மதிப்பெண்ணை மட்டும் கூட்டிப் பார்த்து மூடிவைப்பதும் பயிற்சியன்று. இருபது வினாக்கள் போதும். தவறிய ஒவ்வொரு வினாவையும் ஒரு தனி ஏட்டில் எழுதி, ஏன் தவறியது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். பாடமே தெரியாதது, தெரிந்தும் நினைவுக்கு வராதது, ஒன்றை மற்றொன்றாக மயங்கியது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது. முதலாவதற்குப் பாடநூலை மீண்டும் படிக்க வேண்டும். இரண்டாவதற்குச் சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவதற்கு அருகருகே எழுதி ஒப்பிட வேண்டும். நான்காவதற்கு 'தவறான கூற்று எது', 'இவற்றுள் அல்லாதது எது' போன்ற சொற்களை அடிக்கோடிட்டுப் படிக்கப் பழக வேண்டும். நான்குக்கும் "இன்னும் நன்றாகப் படி" என்ற ஒரே மருந்தைக் கொடுத்து வந்ததுதான் நம் பிழை.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட மாணவி, துணைத் தேர்வுக்கு முன்னிருந்த குறுகிய காலத்தில் இம்முறையைக் கையாண்டார். அவருடைய தாயார் அவ்வளவாகப் படித்தவர் அல்லர். ஆயினும் இரவுதோறும் புத்தகத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு, பாடத்தின் இறுதியிலுள்ள கேள்விகளை எழுத்துக் கூட்டி வாசித்தார். மகள் பாராமல் விடை சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், அவர் தேர்ச்சி பெற்றுக் கல்லூரியில் சேர்ந்தார். அதே ஆண்டு தவறிய மற்றொரு மாணவரை நாங்கள் தேடிச் செல்வதற்குள், அவர் வெளியூர்க் கடையொன்றில் வேலைக்குச் சென்றுவிட்டார். உழைத்து உண்பது இழிவன்று. ஆனால் அவர் விரும்பிச் சென்றாரா, வேறு வழியின்றிச் சென்றாரா என்ற கேள்விக்கு ஜமாஅத்தாகிய நாமே பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

தமிழகத்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி உள் ஒதுக்கீடு கிடைத்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. இவை வாசலைத் திறந்துவைத்துள்ளன. ஆனால் அவ்வாசல் வரை நடந்து செல்ல வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். அவர்களுக்குக் கைகொடுக்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே இச்சபையின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: வாரத்தில் மூன்று நாட்கள், இஷா தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம், மதரஸாக் கூடத்தை வினாப் பயிற்சிக்குத் திறந்துவிட வேண்டும். மாணவியர்க்கு அஸருக்குப் பின், பெண் பட்டதாரிகளின் பொறுப்பில் தனி நேரம் ஒதுக்க வேண்டும். இது டியூஷன் அன்று. பாடம் நடத்துவோர் தேவையில்லை. கேட்பவர் ஒருவர், விடை சொல்பவர் ஒருவர் என்று இருந்தால் போதும். கல்லூரியில் உயிரியல் பயிலும் நம் மஹல்லாப் பிள்ளைகள் கேட்பவர்களாக இருப்பார்களேயானால், அவர்களது பாடமும் அவர்களுக்கு உறுதிப்படும்.

இரண்டு: பைத்துல்மாலிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கி, பாடநூல்களையும் பழைய வினாத்தாள்களையும் நகலெடுத்து அக்கூடத்தில் வைக்க வேண்டும். வசதியற்ற பிள்ளை கேட்டுப் பெறும் நிலை இருக்கலாகாது. எடுத்துப் படிக்கும் நிலை இருக்க வேண்டும்.

மூன்று: பொதுத்தேர்வு நடைபெறும் மாதத்தில், நிகாஹ், வலீமா வைபவங்களுக்கு இரவு நேரங்களில் ஒலிபெருக்கி வைப்பதைத் தவிர்க்குமாறு ஜமாஅத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

நான்கு: தேர்வு முடிவு வந்த ஒரு வாரத்திற்குள், தவறிய பிள்ளைகளின் வீடுகளுக்குக் கல்விக் குழுவினர் நேரில் செல்ல வேண்டும். ஏசுவதற்கன்று, துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் செய்வதற்காக.

பெற்றோர்களே! உங்களுக்கு உயிரியல் தெரிய வேண்டியதில்லை. "படித்தாயா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "புத்தகத்தை என்னிடம் கொடு, நான் கேட்கிறேன், நீ சொல்" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் கோபிக்க வேண்டாம். உஸ்தாதைப் போல் அவ்விடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நாளை அதே இடத்தைக் கேளுங்கள். அந்தப் புள்ளிகள் குறைந்து வருவதுதான் கல்வி.

மாணவச் செல்வங்களே! மூடிய புத்தகத்தின் முன் உங்களுக்கு ஒன்றும் நினைவுக்கு வராத அந்த நிமிடம் தோல்வியன்று; பயிற்சி தொடங்கும் நிமிடம் அது. முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்விடம் உள்ளது.

அடுத்த ஆண்டறிக்கையில், முதல் மூன்று இடம் பெற்றோரின் பட்டியலுக்குக் கீழே, துணைத் தேர்வில் வென்றோரின் எண்ணிக்கையையும் அச்சிடும் நிலையை நாம் அடைவோமாக! நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், தெளிந்த நினைவாற்றலையும், சோர்வற்ற உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் வழங்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.